பள்ளத்துக்கு மூன்று ரூபா

மருதானை ரெக்னிக்கல் சந்தியில் மூன்றாம் மாடி.
ஏசி ஒழுகுகிறது,
ஒழுகும் இடத்தில் ஒரு பெயின்ற் வாளி.
எட்டுப் பேர், எட்டுத் திரை.
வியாழனின் நிலவொன்றில்
பள்ளம் எண்ணுவது எங்கள் இரவு வேலை.

கலிஸ்டோ என்று பெயர்.
ரிப்னா அதைக் கலீஸ் என்பாள்,
பொரளையில் கட்டிக்கொடுத்த மச்சியை விசாரிப்பதுபோல:
கலீஸ் இன்றைக்கு எப்படி?
முகமெல்லாம் அம்மை, என்பேன்.

ஒரு விளிம்பில் அழுத்து,
எதிர் விளிம்புவரை இழு,
வட்டம் விழும், விடு.
மூன்று ரூபா.
பிழையான வட்டத்துக்குக் காசில்லை,
ஒன்றரை ரூபா வெட்டும் உண்டு.

முதல் நாள் தினூஷ சொல்லித் தந்தது,
பாதி சிங்களம், பாதி ஆங்கிலம்:
பள்ளம் கூடக்கூட நிலத்துக்கு வயசு கூட.
குறைவென்றால்
ஏதோ வந்து துடைத்திருக்கிறது.
எரிகுழம்பு, தண்ணீர், காற்று, ஏதோ.
இங்கே ஒன்றும் வரவில்லை.
நானூறு கோடி வருஷம்
அடித்தது அடித்தபடி.

தரையெல்லாம் கரி.
பள்ளத்தின் உதட்டில் மட்டும் கொஞ்சம் வெள்ளை.
கீழே முழுக்க ஐஸ் என்றார்கள்.
நம்பச் சிரமமில்லை.
வெள்ளவத்தை மார்க்கெட்டில்
சில்வெஸ்டர் பாரைமீனுக்குக் கொட்டும் ஐஸும்
பன்னிரண்டு மணிக்கு இந்த நிறம்தான்.

காலி வீதிக்குப் போன கிழமை கார்ப்பெற் போட்டார்கள்.
தார்மணம் பாணில்கூட ஏறியிருந்தது.
தினூஷவின் கணக்குப்படி
என் வீதிக்கு வயது ஆறு நாள்.

நான் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸுக்கும்
வருஷாவருஷம் பெயின்ற் அடிக்கிறார் பெனடிக்ட்.
முன்னம் யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.
அது எண்பத்துமூன்றுக்கு முந்தி, என்றார்,
பிறகு தண்ணீர் பில்லைப் பற்றிக் கதைத்தார்.
மழை தொடர்ந்து நாலு நாள் பெய்தால்
ஜன்னலுக்கு மேலே
சுவர் கறுத்து வருகிறது.
நான் சொல்வதில்லை.
அவரும் தெரிந்துதான் வெள்ளை வாங்குகிறார்.

செவ்வாய் இரவு, எனக்கு வந்த படத்தில்,
ஒரு வரிசை.
பதின்மூன்று பள்ளம்,
கரையோர ரயில் பெட்டிபோல
ஒன்றின் பின்னால் ஒன்று, இடித்தபடி.
வியாழன் கிட்ட இழுத்து உடைத்த
ஒரே வால்வெள்ளியின் துண்டுகளாம்.

வந்தது ஒன்று, ஒன்றென்று போடு,
என்றான் தினூஷ.
விழுந்தது பதின்மூன்று, முப்பத்தொன்பது ரூபா,
என்றாள் ரிப்னா, திரும்பிப் பாராமல்.

நான் பதின்மூன்றும் போட்டேன்.
ஒவ்வொன்றாய், விளிம்பு தப்பாமல்.
அதில் ஒன்றுக்குக் காசு தந்து
பன்னிரண்டுக்கு வெட்டினார்கள்.
கூட்டிக் கழித்தால்
என் கையிலிருந்து பதினைந்து ரூபா.
அந்த மாதத்தில் நான் செய்த
ஒரே செலவு என்று சொல்லத்தக்கது அதுதான்.

விடிய மூன்று மணிக்குப் பிளேன்ரீ.
வாளி நிரம்பி வழிந்து
தினூஷவின் சப்பாத்தடிக்கு வந்தது.
அதைப் பார்த்தபடி சொன்னான்:
கொஞ்சக் காலத்துக்குப் பிறகு எண்ணிக்கை ஏறாது.
இடமில்லை.
புதிதாய் ஒன்று விழும்போது
பழையதில் ஒன்று போய்விடும்.
அப்போ வயசு?
சொல்ல ஏலாது.
இதைவிடக் குறையாது என்று மட்டும் எழுதலாம்.

ரிப்னா வாளியை எடுத்துக்கொண்டு
படியிறங்கிப் போனாள்.
ஒரு நிமிஷம்
தண்ணீர் நேரே தரையில் சொட்டியது.

ஐந்து மணிக்கு பஸ்ஸால் இறங்கினால்
மேற்கே, கடலுக்கு மேல், வியாழன்.
தெருவிளக்கின் ஒளியிலும் தெரிகிறது.
கலீஸ் தெரியாது.
என் நாலாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் வட்டங்கள்
அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் எங்கேயோ.

சந்தியில்
தண்ணீர்க் குழாய்க்காரர்கள் இரவே வந்து
புதுக் கார்ப்பெற்றை வெட்டியிருந்தார்கள்.
நல்ல ஆழம். அடியில் பழைய தார்,
அதற்கும் அடியில் செம்மண்.
விரல் தானாக ஒரு விளிம்பில் தொடங்கி
எதிர் விளிம்புக்குப் போயிற்று.

சதுரம்.
விட்டேன்.